பெட்டி முதலில், பாம்பு அப்புறம்: மீட்கப்பட்ட ராயல் பைத்தானுக்கு வீடு அமைப்பது எப்படி?

மூன்று வருடங்களுக்கு முன்னால் லண்டனின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ராயல் பைத்தான் என்ற சின்ன வகை மலைப்பாம்பு ஒன்று வந்தது. யாரோ வாடகை வீட்டைக் காலி செய்தபோது தொட்டியோடு விட்டுவிட்டுப் போன பாம்பு. முதுகில் சூடு பட்டு ஆறிய தழும்பு. இரண்டு கண்களின் மேலும் உரியாத பழைய தோல். முதுகெலும்பு ஓட்டுக்கூரை முகடு மாதிரித் துருத்திக்கொண்டு இருந்தது. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, அமெரிக்காவில் இதற்கு வழங்கும் பெயரையும் எழுதினேன்: "பால் பைத்தான்". உடனே பதில் வந்தது: "பசும்பாலா, பாக்கெட் பாலா?" பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. எந்தப் பாம்புக்கும் பால் உணவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

பிரிட்டனில் இருந்துகொண்டு, ஆர்எஸ்பிசிஏ போன்ற விலங்கு நல அமைப்பிலிருந்தோ தனியார் மீட்பகத்திலிருந்தோ முதன்முறையாக ஒரு ராயல் பைத்தானைத் தத்தெடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் வந்த சாரையையோ மண்ணுளியையோ "காப்பாற்றி" வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அங்கே வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்வதுதான் வழி.

கொண்டுவருவதற்கு முன்

பிரிட்டனில் ராயல் பைத்தான் வளர்க்க உரிமம் வேண்டாம். நாகம், விரியன் போன்ற விஷப்பாம்புகளுக்குத்தான் 1976ஆம் ஆண்டு ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் உரிமம் கேட்கிறது. இதற்கு விஷம் கிடையாது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் நாய், பூனையைப் போலவே பாம்புக்கும் பொருந்தும். தகுந்த இடமும் உணவும் சிகிச்சையும் தராவிட்டால் பொறுப்பு உங்களுடையது. முடியவில்லை என்று பூங்காவில் கொண்டுபோய் விட்டாலும் குற்றம்தான். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பாம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கான மீட்பகத்தின் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ராயல் பைத்தான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கும் உயிரினம்.

அடுத்தது வயது. இது சாதாரணமாக 20, 30 வருடம் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவுக்கு 1961இல் வந்து சேர்ந்த ஒரு ராயல் பைத்தான், 2020இல் 7 முட்டைகள் இட்டது. அப்போது அதற்கு 62 வயதுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். உங்கள் பிள்ளையின் கல்யாணத்தின்போதும் இது உங்களோடு இருக்கலாம்.

அப்புறம், உணவு. எங்கள் வீட்டில் சைவம். பாம்புக்கு எலிதான் வேண்டும், வேறு வழியில்லை. உறைந்த எலி ஃப்ரீசரில் இருப்பதை வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்களா என்று பாம்பைப் பார்க்கப் போகும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் கேரேஜில் தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கி சமாதானம் ஆனோம். இதற்கு ஒத்துவராத வீடு என்றால் பாம்பு வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மீட்பகத்தில் இதையெல்லாம் கேளுங்கள்: இப்போதைய எடை, கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது, எலியா சுண்டெலியா, உண்ணி இருந்ததா, மருத்துவர் பார்த்தாரா, மலப் பரிசோதனை செய்தார்களா. பைத்தான்களுக்கு வரும் நைடோவைரஸ் தொற்றுக்குச் சோதனை செய்தார்களா என்பதையும் கேட்கலாம். வீட்டில் ஏற்கெனவே வேறு பைத்தான் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். தலையைத் திருகிக்கொண்டு தள்ளாடும் பாம்பைக் காட்டினால் அது "ஸ்பைடர்" என்ற நிறவகையா என்று பாருங்கள். அந்த நிறத்துக்கான மரபணுவோடு சேர்ந்தே தள்ளாட்டமும் வரும். அதற்கு மருந்து கிடையாது. அப்படிப்பட்ட பாம்பையும் வளர்க்கலாம், ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும்.

பெட்டி

இந்தப் பாம்பின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. செனகல் பக்கத்திலிருந்து உகாண்டா வரை. பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் சுருண்டு கிடக்கும், இருட்டிய பிறகு வெளியே வரும். புற்றுக்குள் பாம்பு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் கட்டப்போவதும் புற்றுகள் உள்ள ஒரு சின்னக் காடு என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வளர்ந்த பாம்பு 90 முதல் 150 செ.மீ. நீளம் இருக்கும், பெண் பாம்பு பெரிது. அது உடம்பை முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும். 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள பெட்டி சரியான தொடக்கம். பிரிட்டனில் பெரும்பாலும் விவேரியம் என்று விற்கும் மரப்பெட்டிதான். முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவு இரண்டு இருக்கும். மரம் சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதால் இந்த ஊர்க் குளிருக்கு அது கண்ணாடித் தொட்டியைவிட மேல். பழைய பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கும். நானும் அதைத்தான் வாங்கினேன். வாங்கினால் உள்ளே பாம்புக்குப் பாதுகாப்பான கிருமிநாசினியால் துடைத்து நன்றாகக் காயவைத்து, பலகை சேரும் மூலைகளில் மீன்தொட்டிக்குப் பூசும் சிலிக்கான் பசையைப் பூசுங்கள். ஈரம் புகுந்து பலகை உப்புவதை அது தடுக்கும். உண்ணி ஒளிந்துகொள்ளும் இடுக்கும் அடைபடும். பசை காய்ந்து வாடை போக ஒரு வாரமாவது விட வேண்டும்.

"பெரிய பெட்டியில் வைத்தால் பயந்து சாப்பிடாது" என்று பலர் சொல்வார்கள். பயம் பெட்டியின் அளவால் வருவதில்லை, வெறுமையால் வருவது. நடுவில் ஒரு கிண்ணம், ஓரத்தில் ஒரு பொம்மை மண்டபம் என்று வைத்தால் எந்தப் பாம்பும் பயப்படத்தான் செய்யும். அடர்த்தியாக நிரப்பினால் இதே பாம்பு இரவெல்லாம் பெட்டி முழுக்கச் சுற்றும்.

பெட்டியை ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்திலும், ரேடியேட்டரை ஒட்டியும், ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். பெட்டி, மண், பாறை எல்லாம் சேர்ந்து நல்ல கனம் வரும். அதைத் தாங்கும் மேசை வேண்டும்.

சூடு: இதில்தான் எல்லாம் இருக்கிறது

மீட்கப்பட்ட பாம்பைப் பார்த்ததும் நமக்குத் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றும். அதற்கு நாம் செய்யக்கூடிய நல்லது, சூட்டைச் சரியாக அமைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது. பாம்புக்குத் தன் உடம்பை உள்ளிருந்து சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. தின்றது செரிக்கவும், புண் ஆறவும், கிருமியோடு போராடவும் வெளியிலிருந்து சூடு வர வேண்டும். 22 டிகிரிப் பெட்டியில் இருக்கும் பாம்புக்கு விழுங்கிய எலி வயிற்றில் செரிக்காமல் கிடக்கும், இரண்டு மூன்று நாளில் அப்படியே கக்கிவிடும். சளிப் பிடித்து மூச்சு இரைக்கும். மருந்தும் சரியாக வேலை செய்யாது. எங்களிடம் வந்த பாம்பின் நோய்களில் முக்கால்வாசி, அதன் பழைய தொட்டி கொடுத்த நோய்கள்.

ஒரே சூடு பெட்டி முழுக்க இருக்கக் கூடாது. ஒரு ஓரம் சூடு, மறு ஓரம் குளுமை. வேண்டிய இடத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். குளிர்காயும் இடத்தில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளுமையான ஓரத்தில் 25, 26. இரவில் கொஞ்சம் குறையலாம், 23க்குக் கீழே போக விடாதீர்கள்.

கருவி இப்படி வேண்டும். சூடான ஓரத்தின் கூரையில் ஒரு ஹாலஜன் விளக்கு அல்லது வெளிச்சம் தராத 100 வாட் செராமிக் ஹீட்டர். அதைச் சுற்றி கம்பிக் கூண்டு. சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். கூண்டை எதற்காகவும் விட்டுவிட வேண்டாம். "சுட்டால் நகர்ந்துகொள்ளாதா?" என்று கடைக்காரர் ஒருவர் என்னிடமே கேட்டார். நகராது. சூட்டைத் தேடிப் போய் விளக்கையே சுற்றிக்கொண்டு, தோல் வெந்துபோகும்வரை பேசாமல் இருக்கும். எங்கள் பாம்பின் முதுகுத் தழும்பைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். "சூடான கல்" என்று விற்கும் மின்சாரப் பாறையையும் இதே காரணத்துக்காக வாங்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டில் வகை உண்டு, இங்கேதான் புதியவர்கள் பணத்தை வீணாக்குவார்கள். ஹாலஜன் விளக்குக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை வேண்டும். செராமிக் ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் பல்ஸ் வகை. சும்மா அணைத்துப் போடும் மலிவான வகை, தரையில் விரிக்கும் வெப்பப் பாய்க்கு மட்டும் பொருந்தும். அதில் விளக்கை மாட்டினால் இரவும் பகலும் மினுக்கிக்கொண்டே இருந்து பல்பு சீக்கிரம் போய்விடும். நான் முதலில் வாங்கியது இந்தத் தவறான வகைதான். கடையில் கேட்டுத்தான் வாங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தெர்மோஸ்டாட்டின் சென்சாரைக் குளிர்காயும் இடத்தில், பாம்பின் உடம்பு இருக்கும் உயரத்தில், அது நகர்த்த முடியாதபடி கிளிப் வைத்து இறுக்குங்கள். சென்சார் நழுவிக் குளுமையான பக்கம் விழுந்தால் "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்து ஹீட்டர் முழு மூச்சில் எரிந்துகொண்டே இருக்கும். செல்லோடேப் ஒட்டாதீர்கள். அது பாம்பின் செதிலில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது தோலோடு வரும்.

தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். இரண்டு ஓரங்களிலும் தனித்தனியாக சென்சார் வைத்த டிஜிட்டல் வெப்பமானி வைத்து அளவெடுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானி பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, பாம்பு இல்லாமல் 48 மணி நேரம் ஓட விடுங்கள். காலை, மதியம், நடு இரவு என்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் இரவில் 38 டிகிரி வந்தது. மறுநாள் சென்சாரை மாற்றி வைத்தேன், 33 வந்தது. பெட்டியில் பாம்பு இருந்திருந்தால்? அதனால்தான் பெட்டி முதலில், பாம்பு அப்புறம். மின் கட்டணத்தைப் பற்றியும் கேட்பார்கள்: 100 வாட் ஹீட்டர் தெர்மோஸ்டாட்டோடு தோராயமாகப் பாதி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டி வரும்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம் என்று டைமர் வையுங்கள். இரவில் சிவப்பு, நீல பல்பு வேண்டாம், இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். இரவில் நடமாடும் பாம்புக்குப் புற ஊதா விளக்கு தேவையா என்று வளர்ப்பவர்களிடையே சண்டை உண்டு. நான் மென்மையான 6 சதவீதக் குழல்விளக்கு போட்டிருக்கிறேன். நிழல் நிறைய இருந்தால் அதனால் கெடுதல் இல்லை. எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரமும் மண்ணும்

ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் இருந்தால் போதும், சட்டை உரிக்கும் சமயத்தில் இன்னும் கொஞ்சம். பிரிட்டனில் மழை ஓயாது, ஆனாலும் குளிர்காலத்தில் சென்ட்ரல் ஹீட்டிங் ஓடும் வீட்டுக்குள் காற்று அப்பளமாகக் காய்ந்துவிடும். அதனால் ஈரம் பிடித்து வைக்கும் மண் வேண்டும். தென்னை நார்த்தூளும் மரப்பட்டைத் துண்டும் கலந்து 8 செ.மீ. ஆழத்துக்குப் போடுவது என் வழக்கம். செங்கல் மாதிரி கட்டியாக வரும் அந்த நார்த்தூள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான் உலகத்துக்கெல்லாம் போகிறது. தண்ணீர் ஊற்றி அது பொங்கும்போது வரும் வாசனைக்கே நான் இரண்டு கட்டி கூடுதலாக வாங்குவேன். பைன், சீடர் மரச்சீவல் வேண்டாம், அதன் எண்ணெய் நுரையீரலைக் கெடுக்கும். வெறும் மணலும் வேண்டாம்.

தினமும் தெளிப்பானை வைத்து மேலே அடிப்பதால் பயன் குறைவு. இலை நனையும், ஒரு மணி நேரத்தில் காயும். மூலைகளில் ஒரு டம்ளர் தண்ணீரை மண்ணுக்குள் ஊற்றுங்கள்; அடிமண் ஈரமாகவும் மேல்மண் காய்ந்தும் இருக்க வேண்டும். மேல்மண்ணே சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும்.

பதுங்குமிடம் குறைந்தது இரண்டு. சூடான ஓரத்தில் ஒன்று, குளுமையான ஓரத்தில் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால், பாம்பு சூட்டைப் பார்க்காது, இறுக்கத்தைத்தான் பார்க்கும். ஒரே வாசல், சுருண்டால் சுவர் உடம்பில் உரச வேண்டும். கடையில் பாறை போலச் செய்ததும் கிடைக்கும், கவிழ்த்து வாசல் வெட்டிய பிளாஸ்டிக் டப்பாவும் போதும். வெட்டிய விளிம்பை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிடுங்கள். மூன்றாவதாக ஈரப் பாசி நிரப்பிய மூடி போட்ட டப்பா ஒன்று நடுவில்.

தடித்த கிளை ஒன்றிரண்டைக் குறுக்காகத் திருகாணி போட்டு மாட்டுங்கள். "ராயல் பைத்தான் தரைப்பாம்பு, ஏறாது" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நைஜீரியாவின் தென்கிழக்கில் காட்டுப் பாம்புகளை ஆராய்ந்தபோது சிறிய பாம்புகளின் வயிற்றில் பறவைகள் நிறைய இருந்தன. எங்கள் வீட்டுப் பாம்பு நள்ளிரவில் கூரையைத் தொட்டுக்கொண்டு கிளையில் தொங்கும். அப்புறம், உருட்டிவிட முடியாத கனமான தண்ணீர்க் கிண்ணம், பிளாஸ்டிக் செடி, தக்கைப்பட்டை. தரையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மறைவாகவே போய்ச் சேரும் அளவுக்கு நிரப்புங்கள்.

ஆனால் இவ்வளவும் முதல் நாளே வேண்டாம்

மீட்கப்பட்ட பாம்புக்கு முதல் இரண்டு மூன்று மாதம் தனிமைக்காலம். அப்போது தரைக்கு வெறும் கிச்சன் பேப்பர், இரண்டு டப்பாப் பதுங்குமிடம், ஈரப் பாசி டப்பா, தண்ணீர். மறைவுக்கு நிறையக் கசக்கிய தாள். சூட்டு ஏற்பாடு மட்டும் முழுதாக இருக்க வேண்டும். பார்க்க ஏழை வீடு மாதிரித்தான் இருக்கும். ஆனால் வெள்ளைத் தாளில் ரத்தம், சளி, எச்சத்தின் நிறம், ஊரும் உண்ணி எல்லாம் பளிச்சென்று தெரியும். மண்ணில் எதுவும் தெரியாது.

உண்ணி என்பது மிளகுத்தூள் அளவில் கருப்பாக இருக்கும். கண்ணைச் சுற்றியும் தாடைக்குக் கீழேயும் செதில் இடுக்கில் உட்காரும், தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கிக் கிடக்கும். பாம்பு நாளெல்லாம் கிண்ணத்திலேயே படுத்திருந்தால் முதல் சந்தேகம் அதுதான். நாய்க்கு வாங்கிய மருந்தை அடிக்காதீர்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை. பாம்பு வரும் முன்பே தொலைபேசியில் கேட்டு ஒருவரைக் கண்டுபிடித்து வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, மூச்சில் கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்டாலோ காத்திருக்காமல் அவரிடம் போக வேண்டும்.

வந்த நாளில் துணிப்பையோடு உள்ளே வைத்து, முடிச்சை அவிழ்த்துவிட்டு, கதவை மூடிப் பூட்டிவிட்டு வாருங்கள். ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் தொடக் கூடாது. தண்ணீர் மாற்றுவது, எச்சம் எடுப்பது தவிர கையே உள்ளே போகக் கூடாது. சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து காட்டுவதும் வேண்டாம். முன்பக்கக் கண்ணாடியில் பாதிக்கு ஒரு துண்டைத் தொங்கவிட்டால் அதற்கு நிம்மதி.

"பூட்டிவிட்டு" என்று எழுதினேன் அல்லவா. நான் பூட்டவில்லை. பதினோராவது இரவு, நகரும் கண்ணாடியை மூக்கால் தள்ளி இரண்டு விரல் இடைவெளி உண்டாக்கிப் போய்விட்டது. மூன்று நாள் தேடினோம். அறை வாசல்களில் கோதுமை மாவைத் தூவி எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தடம் பார்த்தோம். சமையலறை வாசலில் கோலம் போட்ட மாதிரி ஒரு கோடு. நள்ளிரவு ஒரு மணிக்கு வாஷிங் மெஷினுக்குப் பின்னால், சுடுதண்ணீர்க் குழாயை ஒட்டிச் சுருண்டு இருந்தது. கண்ணாடிக் கதவுக்கான பூட்டு ஐந்து பவுண்டு கூட இல்லை. வயர் போகும் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள்; தலை நுழைந்தால் உடம்பு நுழையும்.

சாப்பாடு

எடுத்ததும் பெரிய எலியைக் கொடுத்து உடம்பைத் தேற்றலாம் என்று நினைப்பது ஆபத்து. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் தண்ணீர், சூடு, ஒரு வார ஓய்வு. எலும்பு துருத்திய பாம்பென்றால் மருத்துவர் சொன்ன பிறகு ஒரு சின்ன இரை, பத்து நாள் கழித்து இன்னொன்று. எங்கள் பாம்பு வந்தபோது 870 கிராம். 1,400 கிராம் ஆவதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது, அவசரப்படுத்தவில்லை.

உடம்பு தேறிய வளர்ந்த பாம்புக்கு அதன் எடையில் சுமார் 5 சதவீதம் உள்ள எலி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். வாரா வாரம் கொடுத்தால் கொழுப்புதான். உயிருள்ள எலி வேண்டவே வேண்டாம். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உறைந்ததை முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் வையுங்கள். மறுநாள் மாலை ஒரு பையில் போட்டுச் சுடுதண்ணீரில் அமிழ்த்தி 38, 40 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். மைக்ரோவேவில் வைத்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க விரும்பவில்லை. பாம்பின் மேலுதட்டில் வரிசையாக இருக்கும் குழிகள் சூட்டை உணரும். எலியின் தலை உடம்பைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் சரியாகக் கவ்வும். நீண்ட இடுக்கியில் பிடித்து, விளக்கை அணைத்த பிறகு, பதுங்குமிட வாசலில் காட்டுங்கள்.

சாப்பிடாவிட்டால்? ராயல் பைத்தான் அதற்குப் பேர் போனது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கும். தினமும் எலியைக் காட்டித் தொந்தரவு செய்யாமல் பத்து நாளுக்கு ஒருமுறை காட்டுங்கள். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், எடுக்காவிட்டால் குப்பையில் போடுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள். எங்களுடையது நான்காவது முறைதான் எடுத்தது, அதுவும் நான் அறையை விட்டு வெளியே போன பிறகு. எடை முக்கியம். டப்பாவில் போட்டுச் சமையலறைத் தராசு மாதிரி ஒன்றில் மாதம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள் (தராசும் அதற்கென்றே தனியாக). நல்ல உடம்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மெலிந்த பாம்புக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். ஆனால் பத்தில் ஒன்பது தடவை பதில் பெட்டியில் இருக்கும்: வெப்பமானியைப் பாருங்கள், பதுங்குமிடம் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள்.

சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தூக்காதீர்கள். தூக்கும்போது மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்துதான். பக்கவாட்டிலிருந்து, முதலில் காகிதச் சுருளால் மெல்லத் தொட்டு, "இது சாப்பாடு இல்லை" என்று தெரிவித்துவிட்டு, நடு உடம்பில் இரண்டு கையாலும் தாங்கித் தூக்குங்கள். பத்து நிமிடம் போதும். பாம்பு கொஞ்சலை ரசிப்பதில்லை, பொறுத்துக்கொள்ளும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொட வேண்டாம். பாம்பின் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதும் கூடாது.

சட்டை உரிக்கும் நாட்கள்

கண் பால்படலம் மாதிரி மங்கி, நிறம் வெளிறினால் ஒரு வாரம், பத்து நாளில் சட்டை உரிக்கும். அந்த நாட்களில் கண் சரியாகத் தெரியாது, எரிச்சலாக இருக்கும். உணவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். ஈரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். சட்டை மூக்கு முதல் வால் வரை ஒரே துண்டாக, காலுறையைக் கழற்றின மாதிரி வர வேண்டும். அதை விரித்து, இரண்டு கண்களின் மேல் மூடி மாதிரி இருந்த தோலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு துண்டாக வந்தால் ஈரம் போதவில்லை. வெதுவெதுப்பான ஈரத்துணி சுற்றிய டப்பாவில், மேலே காற்றோட்டம் விட்டு, அரை மணி நேரம் வைத்தால் மிச்சம் கழன்றுவிடும். கண்மேல் ஒட்டியதை இடுக்கியால் உரிக்கத் தொடாதீர்கள். அதற்குக் கீழே கண்ணை மூடியிருக்கும் புதிய தோலும் சேர்ந்து வந்தால் பார்வை போய்விடும். எங்கள் பாம்பின் கண்ணில் இருந்த பழைய தோல் இரண்டாவது சட்டையோடு தானாகவே போனது. ஈரப் பாசி டப்பாவைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

ஊருக்குப் போகும்போது

நாய் வளர்ப்பவர்கள் பொறாமைப்படும் விஷயம் இது. நான்கு வாரம் இந்தியா போவதென்றால், பாம்பு நலமாகவும் எடையோடும் இருக்கும்போது, போவதற்கு ஐந்து நாள் முன்னால் ஒரு சாப்பாடு கொடுத்துவிட்டால் திரும்பி வந்துதான் அடுத்தது. தண்ணீர் மாற்ற இரண்டு நாளுக்கு ஒருமுறை யாராவது வர வேண்டும். சூடு நின்றுவிட்டதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டுங்கள்: இரண்டு வெப்பமானிகளிலும் என்ன எண் இருக்க வேண்டும், எந்த எண்ணுக்கு மேலோ கீழோ போனால் உங்களை அழைக்க வேண்டும், மருத்துவரின் எண், "எலி கொடுக்க வேண்டாம்", "பூட்டிவிட்டீர்களா?". மின்சாரம் போனால் பெட்டியைப் போர்வையால் சுற்றச் சொல்லுங்கள். நேரம் நீண்டால் சுடுதண்ணீர்ப் பையைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் வைக்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாம்பு பக்கமே பார்க்க மாட்டார். கைநீட்டித் தண்ணீரை மாற்றிவிட்டு, கண்ணாடி வழியாக வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்புவார். போன தை மாதம் அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். பாம்பு தெரியவில்லை, டப்பாவுக்குள் இருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் கிண்ணத்துல இருக்கறது வெறும் தண்ணியா?"